கோடு போட்டு அடித்த வரி

சம்பவ இடத்துக்குப் போனால் என் முதல் கருவி பேனாதான். பவுடரும் பிரஷும் அப்புறம். பதினெட்டு வருடமாகத் தடயவியல் பிரிவில் இருக்கிறேன். கண்டதை எழுதுவேன், நினைத்ததை எழுத மாட்டேன். தப்பாக எழுதிவிட்டால் அதன் மேல் ஒரே கோடு, பக்கத்தில் நேரமும் கையெழுத்தும். தாளைக் கிழிக்கிற வேலையெல்லாம் என்னிடம் நடக்காது.

லைட்ஹவுஸ் குப்பத்தில் ஒரு ஃபைபர் படகு விடிகாலையில் எரிந்துபோனது. தன் சித்தப்பா மகன்தான் கொளுத்தினான் என்று படகுக்காரர் புகார் கொடுக்க, அந்த ஆளைப் பிடித்தும் விட்டார்கள். நான் போய், எரிந்த படகு கிடந்த இடத்தைப் பக்கத்திலிருந்த நீலப் படகிலிருந்து அளந்தேன். ‘நீலப் படகு, ஆள் உயரத்துக்கு வலை குவித்தது, ஓட்டு வீட்டு வாசலை மறித்து நிற்கிறது. நேற்று மாலையிலிருந்து நகர்த்தவில்லை என்கிறார் உரிமையாளர்’ என்று எழுதினேன்.

அங்கே வலையின் கிழிசலைச் சரிசெய்துகொண்டிருந்த ஒரு அம்மா சிரித்தார்.

“இன்னாம்மா, அது மத்தியானம் கடலுக்குப் பூடுமே! அப்பால எங்கேர்ந்து அளந்தேன்னு காட்டுவே?”

சுருக்கென்றது. எப்போதிலிருந்து நிற்கிறது என்று கேட்ட மகாராணி, எப்போது கிளம்பும் என்று கேட்கவில்லை. எழுதியதைக் கோடு போட்டு அடித்துவிட்டு, கலங்கரை விளக்கத்தின் மதில் சுவரிலிருந்து மறுபடி அளந்தேன்.

கோர்ட்டில் ஓட்டு வீட்டுக்காரர் சாட்சி சொன்னார். வாசலில் உட்கார்ந்து டீ குடிக்கும்போது, அந்தச் சித்தப்பா மகன் குனிந்து தீ வைத்ததை நேராகப் பார்த்தாராம். எதிர்த்தரப்பு வக்கீல் என் குறிப்பை நீட்டி, அடித்த வரியை உரக்கப் படிக்கச் சொன்னார். படிக்கும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. அந்த வாசலில் உட்கார்ந்தால் நீலப் படகையும் வலையையும் தவிர எதுவும் தெரியாது. வேறு சாட்சியும் இல்லை. சித்தப்பா மகனை விடுதலை செய்தார்கள். அந்தத் தாளைக் கிழித்திருந்தால் மனுஷன் கம்பி எண்ணியிருப்பார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

வெளியே அவர் என்னிடம் வந்து கும்பிட்டார். நன்றி சொல்லப்போகிறார் என்று நின்றேன்.

“மூணு மாசம் உள்ள இருந்தேன் மேடம். என் நைனாவுக்குக் கொள்ளி வெக்கக்கூட போலீஸோடதான் வந்தேன். அன்னிக்கே எழுதிட்டீங்களே, யார்னா ஒருத்தர் அப்பவே படிச்சிருக்கக் கூடாதா?”

“நான்தாம்பா படிச்சிருக்கணும்” என்றேன்.