கடல் கடந்த குத்தியிருப்பு

"…குத்தும் இல்ல, வெட்டும் இல்ல, சும்மா இருக்கோம்னு எழுத ஒனக்கு என்ன பாடு, எலே?"

இரண்டு வருடத்துக்கு முன், கேரள எல்லையில் பனச்சமூடு பக்கம் எங்கள் ஊர்க் குவாரி வாசலில், ஓலைப் பந்தலில் வைத்துப் பக்கத்து வீட்டு அக்கா என்னிடம் கேட்டது இது. பாறைக்கு வைக்கும் வெடியில் அவருடைய அடுக்களைச் சுவர் மேலிருந்து கீழ்வரை பிளந்திருந்தது. இன்னும் நாலு வெடி வைத்தால் வீடு நிற்காது. பெண்களெல்லாம் ஒரு மாதமாகப் பந்தலில் உட்கார்ந்தும், கூப்பிடு தூரத்து வில்லேஜ் ஆபீஸிலிருந்து ஒருவர் எட்டிப் பார்க்கவில்லை.

மலையாளத்தில் பதிவு போட ஆள் உண்டு. வெளிநாட்டுத் தமிழரும் அறியட்டும் என்று தமிழில் எழுதுவது என் வேலை. "எங்கள் குத்தியிருப்பு சமரத்துக்கு ஆதரவு தாருங்கள்" என்று எழுதினேன். மலையாளத்தில் அது உட்கார்ந்து நடத்தும் போராட்டம். எது தமிழ், எது மலையாளம் என்று எல்லையில் பிறந்த எங்களுக்குப் பிரித்துப் பார்க்கத் தோன்றாது. கடலுக்கு அப்பால் ஒரு தமிழர் குத்தைக் கத்திக்குத்தாகவும் சமரத்தைப் போராகவும் எடுத்துக்கொண்டு ஆங்கிலத்தில் போட்டுவிட்டார். அந்த நாட்டு எம்.பி. ஒருவர் அதைப் பகிர்ந்து, இரு தரப்பும் ஆயுதங்களைக் கீழே போடும்படி உருக்கமாகக் கேட்டுக்கொண்டார்.

மறுநாளே போலீஸ் ஜீப் வந்தது. எத்தனையோ மனு கொடுத்தும் வராத ஜீப். பந்தலைத் துழாவியதில் கஞ்சிப் பானையும் அகப்பையும் கிடைத்தன.

"இதுதான் சாரே எங்க ஆயுதம். வேணும்னா கொண்டு போங்க" என்றார் அக்கா.

சாயங்காலத்துக்குள் பந்தலைப் பிரிக்கச் சொல்லிவிட்டுப் போனார்கள். அப்போதுதான் அக்கா, குத்தும் இல்ல வெட்டும் இல்ல என்று என்னை அந்தப் பிடி பிடித்தார். நான் பதறிப் பதிவை அழிக்கப் போனேன்.

"அழிக்காண்டாம். அழிச்சா வெட்டும் குத்தும் உள்ளதுதான்னு ஆயிரும். வா, படம் பிடி."

அடுக்களைக்கு இழுத்துப்போய், சுவர்ப் பிளவில் முழங்கை வரை கையை விட்டுக் காட்டினார். "நாங்க இருக்கது இதுக்காக்கும். எந்திச்சுப் போனா வீடு விழும்."

இந்த முறை யாருக்கும் புரியும் தமிழில் எழுதிப் போட்டேன். மொழிபெயர்த்தவர் வருந்தி, அக்காவின் பேச்சைச் சரியாக ஆங்கிலத்தில் போட்டார். எம்.பி. தன் பதிவைத் திருத்தி, நம் அரசுக்குக் கடிதமும் எழுதினார். பந்தலைப் பிரிக்கப் போலீஸ் திரும்பி வரவில்லை. அடுத்த வாரமே அளவு நாடாவோடு அதிகாரிகள் வந்தார்கள். விசாரணை முடியும்வரை வெடி வைக்கக்கூடாது என்றார்கள்.

கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இருக்கும் ஆபீஸுக்கு எங்கள் குரல் கடலைச் சுற்றித்தான் போய்ச் சேர்ந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான் வருகிறது. ஆனாலும், போய்ச் சேர்ந்ததே என்றும் இருக்கிறது.

அளந்து முடித்த அதிகாரி, "இனி எல்லாரும் வீட்டுக்குப் போகலாமே" என்றார்.

"உத்தரவு எழுத்துல வரட்டும் சாரே" என்று சொல்லிவிட்டு, அக்கா பந்தலுக்குள் போய்ப் பாயை உதறி விரித்தார்.