பசை அட்டையில் மாட்டிய ஆறுமணிக்குருவி

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் நான் ஸ்டோர் கீப்பர். குடோனில் எலித் தொல்லை தாங்காமல், ஐப்பசி மாதத்தில் ஒருநாள் சாயங்காலம், தோல் கட்டுகளுக்கு நடுவே பசை அட்டைகளை வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். வைத்தது நானேதான், வேறு யாரையும் குறை சொல்ல வழியில்லை.

மறுநாள் காலை ஷட்டரைத் தூக்கியதும் மூலையில் ஏதோ படபடத்தது. எலிதான் என்று டார்ச் அடித்தேன். பச்சை முதுகு, தோளில் பளிச்சென்ற நீலம், வாலடியில் ரத்தச் சிவப்பு, கண்ணை ஒட்டிக் கறுப்புப் பட்டை. குருவி! இரண்டு கால்களும் ஒரு இறக்கை நுனியும் பசையில் ஒட்டியிருந்தன. அலகைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. மேலே திறந்து கிடந்த ஜன்னல் வழியாக ராத்திரி உள்ளே வந்திருக்க வேண்டும்.

அட்டையோடு கேன்டீனுக்கு ஓடினேன். சமையல்கார அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்தார்.

"அய்யய்யோ, இன்னாப்பா இது? இவ்ளோ அழகா கீது!"

"நான் வெச்ச அட்டைக்கா. இழுத்தா கால் பிஞ்சிடும்போல."

"இழுக்காத. பலாப்பழப் பிசினே எண்ணெய்க்கு வுட்ருது. இது வுடாதா?"

வனத்துறை ஆபீசுக்குப் போன் போட்டேன். நிறத்தைச் சொன்னதுமே எடுத்தவருக்குப் புரிந்துவிட்டது.

"ஆறுமணிக்குருவி சார். காலையும் சாயங்காலமும் ஆறு மணி வாக்குல கத்தும். குளிர்காலத்துக்கு வடக்கேர்ந்து ராத்திரில பறந்து வருது. களைச்சுப்போனா கண்ட எடத்துல எறங்கிடும். தரையில நடந்து பூச்சி தேடுற ஜாதி, அதான் அட்டைல கால் வெச்சிருக்கு. எண்ணெய் கம்மியா தொடுங்க, றெக்கை நனையக் கூடாது. அப்புறம் இருட்டுப் பொட்டில வைங்க. சாயங்காலம் தெம்பா இருந்தா மரம் அடர்ந்த எடத்துல வுட்ருங்க. இல்லன்னா இங்க கொண்டாங்க."

மறுபடி ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, மீதிப் பசையில் அரிசி மாவைத் தூவினோம். துண்டில் சுற்றி நான் பிடித்துக்கொள்ள, அக்கா பஞ்சில் கடலை எண்ணெய் தொட்டு ஒவ்வொரு விரலாக விடுவித்தார். அதன் நெஞ்சு என் உள்ளங்கையில் அடித்துக்கொண்டே இருந்தது. ஒரு மணி நேரம் ஆனது. இறகு இரண்டு அட்டையிலேயே நின்றுவிட்டன. அன்று சாம்பார் லேட். யாரும் கேட்கவில்லை, பாதி ஜனம் கேன்டீன் ஜன்னலில்தான் நின்றது.

ஓட்டை போட்ட ஷூ பெட்டியில் வைத்து, மற்ற அட்டைகளையெல்லாம் எடுத்து எறிந்தேன். மத்தியானம் பெட்டியில் காதை வைத்தால் சத்தமே இல்லை. திறந்து பார்க்கத் தைரியம் வரவில்லை. மூன்று மணிக்கு உள்ளே லேசாகச் சுரண்டியபோதுதான் தண்ணீர் குடித்தேன்.

பர்மிஷன் போட்டுவிட்டு, ஒடுகத்தூர் தாண்டி மலையடியில் ஒரு மாந்தோப்புக்கு வண்டியை விட்டேன். பெட்டியைச் சாய்த்துத் திறந்தேன். வெளியே வந்த குருவி அசையாமல் நின்றது. பிறகு ஒரு தத்தல். லேசாக நொண்டியது. இன்னொரு தத்தல். அலகால் ஒரு சருகைப் புரட்டிப் போட்டு, அடியிலிருந்து ஒரு புழுவை இழுத்தது. அப்படியே தாழப் பறந்து புதருக்குள் போய்விட்டது.

போன் அடித்தது. அக்கா.

"இன்னாப்பா, உயிரோட கீதா?"

"புழு துன்னுட்டுப் பறந்துடுச்சுக்கா."

"அப்பாடா! காலைலேர்ந்து ஒரு வாய் எறங்கலப்பா எனக்கு. போனை வெய்யி, சாப்புடப் போறேன்."