மூன்றரை அங்குலம்

யார் வீட்டுக்குப் போனாலும், உட்காருவதற்கு முன்னால், அவள் உள்ளங்கையை ஒரு நொடி சுவரில் வைத்து எடுப்பாள். குழந்தையின் நெற்றியில் காய்ச்சல் பார்ப்பது போல இருக்கும். சுவரின் வண்ணம் பிடித்துப்போய்த் தடவுகிறாள் என்று அந்த வீட்டுக்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள். நாத்தனார் மட்டும் விடமாட்டாள். "அண்ணி வந்துட்டாங்க. சுவருக்கு ஜுரம் பார்த்துட்டுத்தான் தண்ணியே குடிப்பாங்க" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சேர்ந்து சிரித்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொள்வாள். ஒன்பது வருடமாக இந்தப் பழக்கம். அதற்கு முன்னால் இல்லை.

அதற்கு முன்னால் அவளுக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது. மேஸ்திரியம்மா.

அவள் ஒரு துணிக்கடையில் அளவு திருத்தித் தைப்பவள். வாங்கியவருக்கு ஏற்றபடி இடுப்பைப் பிடிப்பாள், காலைக் குறைப்பாள், தோளை இறக்குவாள். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. நாலு பேர் முன்னால் வாய் வராது. ஆனால் கண்ணுக்கு ஓய்வு கிடையாது. யார் எந்த வேலை செய்தாலும் ஓரமாக நின்று, முடியும்வரை பார்த்துவிட்டுத்தான் நகர்வாள்.

அவள் கணவர் வேன் ஓட்டுகிறவர். வண்டி எஞ்சினைப் பிரித்துப் போடுவார். வீட்டில் ஒரு ஆணி அடிக்கச் சொன்னால் விரலைத் தேடிப்பிடித்து அடிப்பார். அதனால், சொட்டிக்கொண்டிருந்த குழாய்க்கு அவளே வாஷர் மாற்றினாள். மழைக்கு ஊதிப்போய் தரையை உரசிய கதவைக் கழற்றி, அடியை இழைத்து மாட்டினாள். முன்னறைக்கு வண்ணம் அடித்தாள். ஓரங்களில் ஒரு பிசிறு இல்லை. அக்கம்பக்கத்தில் பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். பட்டப்பெயர் வைத்தது பக்கத்து வீட்டு டீச்சர். வாயால் வேண்டாம் என்று சொன்னாலும், மாடிப்படியில் யாராவது "என்ன மேஸ்திரியம்மா" என்று கூப்பிட்டால் அன்று முழுக்க அவளுக்குக் கால் தரையில் பாவாது. கடைசியில் ஒரு ட்ரில்லிங் மிஷினும் வீட்டுக்கு வந்தது.

அந்தக் கட்டடத்தில் பன்னிரண்டு வீடுகள். எல்லாவற்றுக்கும் ஒரே பிளம்பர். அவளைவிட நாலைந்து வயது பெரியவர். ஆனாலும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார். படியில் பார்த்தால், "இப்ப என்ன வேலைக்கா ஓடுது? எனக்கும் கொஞ்சம் மிச்சம் வைங்க" என்பார். அந்த வருடம் கட்டடம் முழுவதற்கும் பழைய இரும்புக் குழாய்களை எடுத்துவிட்டுப் புதுக் குழாய் போடுவதாகக் குடியிருப்போர் சங்கத்தில் பேச்சு. வேலை அவருக்குத்தான் என்று எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்னோட்டம் மாதிரி, டீச்சர் தன் சமையலறைக் குழாயை முதலில் மாற்றச் சொன்னார். சுவரில் மேலிருந்து கீழாகப் பள்ளமாகக் காடி வெட்டி, வெள்ளைக் குழாயைப் பதித்துப் பூசினார் பிளம்பர். அவள் வாசலில் நின்று பார்த்தாள். வலது மூலையிலிருந்து மூன்று ஜாண். மனதில் குறித்துக்கொண்டாள்.

டீச்சரின் சமையலறையும் அவளுடையதும் ஒரே சுவரின் இரண்டு பக்கம். அந்தச் சுவரில்தான் பெரிய பாத்திரங்களுக்கு ஒரு பலகை மாட்ட வேண்டுமென்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தாள். மேல்தொட்டி கழுவுவதற்காகக் கட்டடத்தில் தண்ணீரை நிறுத்திய ஒரு விடுமுறை நாளில் வேலையைத் தொடங்கினாள். வலது மூலையிலிருந்து மூன்று ஜாணை விட்டுவிட்டு, குழாய் இல்லாத இடது பக்கமாகத் தள்ளிக் குறி போட்டாள். கனம் தாங்க வேண்டுமே என்று மூன்றரை அங்குல ஸ்க்ரூ.

மூன்று ஓட்டைகள் ஒழுங்காக விழுந்தன. நாலாவதில் மிஷின் சட்டென்று உள்ளே வழுக்கியது. வெளியே இழுத்தபோது செங்கல் தூளோடு வெள்ளையாக ஒரு சுருளும் வந்தது, பென்சில் சீவியது போல. குனிந்து பார்த்தாள். ஏதோ என்று நினைத்துப் பெருக்கித் தள்ளினாள். ஓட்டையில் பிளாஸ்டிக் குழலைச் செருகி, ஸ்க்ரூவை இறுக முடுக்கினாள். பலகை இம்மிகூடச் சாயவில்லை. மாலையில் தண்ணீர் வந்தது. எதுவும் ஆகவில்லை.

மூன்று வாரம் கழித்து டீச்சர் வீட்டுச் சுவரில், புதுப் பூச்சுக்கு மேல், ஈரம் ஒரு தட்டு அகலத்துக்குப் பூத்தது.

பிளம்பர் வந்து கீழே குழாய் வளையும் இடத்தை உடைத்துப் பார்த்தார். இணைப்பை அறுத்துப் புதிதாக ஒட்டினார். வழக்கம்போல அவள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். ரம்பம் ஓட ஓட, குழாயிலிருந்து வெள்ளைச் சுருள்கள் தரையில் விழுந்தன. தான் பெருக்கித் தள்ளிய சுருள் அவளுக்கு நினைவு வந்தது. யாரோ தொட்டுக் காட்டியது போல அப்போதுதான் புரிந்தது: அந்தப் பக்கத்து வலது மூலை, இந்தப் பக்கம் வந்தால் இடது. சட்டையைத் தினம் முப்பது தடவை உள்பக்கம் வெளிப்பக்கம் திருப்புகிறவள், ஒரு சுவரைத் திருப்பிப் பார்க்க மறந்துவிட்டாள்.

அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. "பாருங்க மேஸ்திரியம்மா, இவர் வேலையோட லட்சணத்தை" என்று டீச்சர் அவள் பக்கம் திரும்பிச் சிரித்தார். அவள் தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

யாருக்கும் தெரியாமல் தானே சரிசெய்துவிடலாம் என்று நினைத்தாள். பாத்திரங்களை இறக்கி, நாலாவது ஸ்க்ரூவைச் சுற்றி ஒட்டும் பசையை அப்பி, இன்னும் இரண்டு சுற்று முடுக்கினாள். ஈரம் நின்றது. பத்து நாள் நிம்மதி. இணைப்பை மாற்றியதால்தான் நின்றது என்று பிளம்பருக்கும் நிம்மதி. பதினோராம் நாள் டீச்சரின் சுவர் கண்ணெதிரே வியர்த்து, தண்ணீர் கோடாக இறங்கியது. அந்த இரண்டு சுற்றில் குழாய் விரிசல் விட்டிருக்க வேண்டும்.

"ஏம்ப்பா, இருபது வருஷ அனுபவம்னு பீத்திக்கிட்டியே, அது இதுதானா? ஒரு குழாய்க்கே இந்தப் பாடு. பன்னெண்டு வீட்டை உன்கிட்ட கொடுத்தா நாங்க படகுலதான் போகணும்."

டீச்சர் இதை மாடிப்படியில் நின்று சொன்னார். மேலும் கீழும் கதவுகள் திறந்தன. பிளம்பர் கையிலிருந்த துணியால் ஸ்பேனரைத் துடைத்தார். துடைத்ததையே திரும்பத் திரும்பத் துடைத்தார். அவள் கதவிடுக்கில் நின்று அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை அவர் அவள் வீட்டு மணியை அடித்தார்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. உங்க பக்கம் சுவரை ஒரு தடவை பார்த்துக்கட்டுமா?"

கணவர் வீட்டில்தான் இருந்தார். "அட, வாங்க வாங்க. எங்க வீட்டம்மா போட்ட பலகையைப் பாருங்க. மட்டம் வச்சுப் பாருங்க, சாயாது" என்றார்.

பிளம்பர் பலகையைப் பார்த்தார். உண்மையாகவே வியந்துபோய், விளிம்பை விரலால் தடவினார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார். "ஓட்டை எவ்வளவு ஆழம்க்கா போட்டீங்க?"

"ஒன்றரை இஞ்ச்."

அவளே எதிர்பார்க்கவில்லை. நாக்கு தானாகச் சொன்னது போல இருந்தது. அரை அங்குலம் பிசகினால் துணியைப் பிரித்துத் திரும்பத் தைக்கிறவள்.

"அவ அளந்தா அளந்ததுதாங்க" என்றார் கணவர்.

"அது எனக்குத் தெரியாதா? ஒன்றரைன்னா குழாய்கிட்டயே போகாது." பலகையை நகர்த்திக்கூடப் பார்க்கவில்லை அவர். "அப்ப தப்பு என் கையிலதான் எங்கயோ இருக்கு. வரேங்கக்கா."

அவர் செருப்பு மாட்டிக்கொண்டு போகும்வரை அவள் அடுப்பைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். சந்தேகப்பட்டிருந்தால் கோபமாவது பட்டிருப்பாள். அவர் நம்பிவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம். குழாய் வேலையை வேறு ஆளுக்குக் கொடுப்பதென்று ஐந்து நிமிடத்தில் முடிவானது. கடைசி வரிசையில் அவளும் உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் கை தூக்கினார்கள். அவள் தூக்கவில்லை. அதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை.

புதன்கிழமை, அவள் கடைக்குக் கிளம்பும் நேரம், சுவருக்கு அந்தப் பக்கம் உளி விழும் சத்தம் கேட்டது. பிளம்பர் வந்திருந்தார். "அதான் வேலை கைவிட்டுப் போச்சே, இன்னும் எதுக்குப்பா உடைக்கிற?" என்று டீச்சர் கேட்பதும், "போனா போகட்டும் டீச்சர். என் கை எங்க தப்புச்சுன்னு எனக்குத் தெரியணும்" என்று அவர் சொல்வதும் சுவரைத் தாண்டிக் கேட்டது. கீழேயிருந்து காடி முழுவதையும் உடைத்துக்கொண்டு வந்தார். ஒவ்வொரு அடிக்கும் பலகை மேல் பாத்திரங்கள் குதித்தன. இன்னும் ஒரு முழம் ஏறினால் ஸ்க்ரூவின் முனை அவர் கண்ணில் படும். அதனால், அதற்குப் பிறகு தான் செய்ததை நேர்மை என்று அவள் ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை.

பாத்திரங்களை இறக்கினாள். உடைப்பதற்காக அவர் வால்வை மூடியிருந்ததால், நாலாவது ஸ்க்ரூவைக் கழற்றியபோது கொஞ்சம் தண்ணீர்தான் வழிந்தது. துரு ஏறிய அந்த ஸ்க்ரூவை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு டீச்சர் வீட்டுக்குள் போனாள்.

"மூணரை இஞ்ச்" என்றாள். கையை நீட்டினாள்.

பிளம்பர் உளியைக் கீழே வைத்தார். ஸ்க்ரூவை எடுத்து, நுனியில் ஒட்டியிருந்த வெள்ளைத் துணுக்கைப் பார்த்தார். 

"அன்னைக்கே சொல்லியிருந்தா பத்து நிமிஷ வேலைக்கா."

குரலை உயர்த்தவில்லை. அவ்வளவுதான் சொன்னார். டீச்சர்தான் பிடித்துக்கொண்டார். "அடிப்பாவி! வாயில விரல் வச்சா கடிக்கத் தெரியாத மாதிரி நின்னு வேடிக்கை பார்த்தியே! நான் அந்த மனுஷனை என்னென்ன பேசிட்டேன்!"

சாயங்காலம் கணவரிடம் சொன்னாள். அவர் ஓட்டையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "சரி விடு. எல்லார்கிட்டயும் நான் போய்ச் சொல்லிக்கறேன்" என்றார்.

"வேணாங்க. பொய் சொன்னது என் வாய்தானே."

மீதிப் பத்து வீட்டுக் கதவையும் அவளே தட்டினாள். எல்லா வாசலிலும் ஒரே வாக்கியம்: "டீச்சர் வீட்டுச் சுவர் ஒழுகினதுக்கு நான்தான் காரணம், பிளம்பர் மேல தப்பு இல்ல." சிலர் பாவம் என்று பார்த்தார்கள். சிலர் சிரிப்பை அடக்கினார்கள். இரண்டாம் மாடியில் காது மந்தமான பெரியவர், "யாரு மேல தப்பும்மா?" என்று மூன்று முறை கேட்டார். கடைசியில் படிக்கட்டு முழுக்க எதிரொலிக்க, "என் மேலங்க, என் மேல!" என்று கத்த வேண்டியிருந்தது. ஜன்மத்தில் அவள் அவ்வளவு சத்தமாகப் பேசியது அன்றுதான்.

சங்கச் செயலாளர் கதவைப் பிடித்தபடி கேட்டுவிட்டு, "இதை ஞாயித்துக்கிழமை சொல்லியிருக்கலாமேம்மா. புது ஆளுக்கு வாக்குக் கொடுத்தாச்சே" என்றார். உண்மைதான். கூட்டத்தில் அவளுக்கு இரண்டு நாற்காலி முன்னால்தான் செயலாளர் உட்கார்ந்திருந்தார்.

இப்போது கட்டடம் முழுக்க வேறொருவர் போட்ட குழாய்கள் ஓடுகின்றன. பழைய பிளம்பர் நாலு வீடுகளுக்கு மட்டும் சின்னச் சின்ன வேலைக்கு வருகிறார். டீச்சர் வீடு அதில் ஒன்று. படியில் பார்த்தால், "நல்லா இருக்கீங்களாக்கா" என்று கேட்பார். என்ன வேலை ஓடுகிறது என்று கேட்பதில்லை. டீச்சர் வருடத்துக்கு ஒரு தடவை ட்ரில்லிங் மிஷினை இரவல் வாங்கி, துடைத்துத் திருப்பித் தருகிறார். அவள் வாஷர் மாற்றுவாள், கதவை இழைப்பாள். சுவரில் மட்டும் ஓட்டை போடுவதில்லை. பலகை சமையலறைத் தரையில், நாலு செங்கல் மேல் இருக்கிறது. மேஸ்திரியம்மா என்று அவளை இப்போது யாரும் கூப்பிடுவதில்லை.