மெடிக்கல் ஷாப்பில் நான் போட்ட கும்பிடு

ஸ்ரீரங்கத்தில் எங்கள் ஆட்டோ ஸ்டாண்டில் யாரைக் கேட்டாலும், "பொண்ணை பி.பார்ம் படிக்க வச்சதே அவர்தாங்க" என்று என்னைக் காட்டுவார்கள். அவர்களுக்கு அப்படிச் சொல்லி வைத்தவன் நான்தான். சுத்தப் பொய்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், மகள் பிளஸ் டூ முடித்த ஆடி மாதம். கவுன்சிலிங்கில் அவளுக்கு வெளியூர்க் கல்லூரியில் பார்மசி இடம் கிடைத்திருந்தது. வேணுமா வேணாமா என்று மறுநாள் சாயங்காலம் ஐந்து மணிக்குள் செல்போனில் அழுத்திவிட வேண்டும். "என்னப்பா பண்ணட்டும்?" என்று கேட்டாள். நான் ஐந்தாம் வகுப்பிலேயே மூன்று வருஷம் ஆராய்ச்சி செய்துவிட்டு நின்றவன். தமிழ், எழுத்துக் கூட்டிப் படிப்பேன். இங்கிலீஷ் எனக்கு எறும்பு வரிசை. இந்த மாதிரிக் கேள்விக்கெல்லாம் பதில் சொல்ல என் மனைவி இருந்தாள். அவள் போய் அப்போது இரண்டு வருஷம்.

"நான் விசாரிச்சுட்டு வரேன், நீ பேசாம இரு" என்று பெரிய மனுஷன் மாதிரி சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். விசாரிக்கத்தான் ஆள் இல்லை. ஸ்டாண்டில் ஒருத்தர், "இன்ஜினியரிங் படிச்ச எங்க அக்கா பையனே சாப்பாடு டெலிவரி பண்றான்" என்றார். இன்னொருத்தர், "அட்டையைக் கிழிச்சு மாத்திரை குடுக்க டிகிரி எதுக்கு மாமா?" என்றார். சவாரி ஏறினவர்களைக் கேட்கலாம் என்றால், எல்லோரும் போனில் இருந்தார்கள்.

மறுநாள் மத்தியானம் பாலக்கரையில் ஒரு சவாரியை இறக்கிவிட்டு, எதிரே இருந்த மெடிக்கல் ஷாப்பில் நுழைந்தேன். சும்மா கேட்டால் மதிக்க மாட்டார்கள் என்று, இல்லாத தலைவலிக்கு மாத்திரை கேட்டேன். சுவரில் சாமி படங்கள். பக்கத்திலேயே கண்ணாடி பிரேமுக்குள் ஒரு இளம்பெண்ணின் போட்டோ, கீழே எறும்பு வரிசை, மேலே செருகிய செம்பருத்திப் பூ. வீட்டில் தினமும் அப்படி ஒரு படத்துக்குப் பூ வைக்கிறவன் நான். மனசு கேட்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டேன்.

"பாவம், எப்பங்க தவறுனாங்க?"

மாத்திரை எடுத்துக்கொண்டிருந்த பெண் திரும்பி, மாஸ்க்கை இறக்கினாள். படத்தில் இருந்த அதே முகம்!

"அண்ணா, அது என்னோட பார்மசிஸ்ட் சர்டிபிகேட். கடையில மாட்டணும்னு ரூல். முதலாளி காலையில எல்லா பிரேமுக்கும் பூ வைப்பாரு. நான் நல்லாத்தான் இருக்கேன்."

முட்டிவலி என்று சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு பெரியம்மா, சிரித்த சிரிப்பில் சுவரையே விட்டுவிட்டார். "உனக்கு ஆயுசு நூறும்மா" என்று உளறிவிட்டு, வந்த விஷயத்தைச் சொன்னேன்.

அவள் சிரிப்பை நிறுத்தினாள். "நானும் பி.பார்ம்தாங்கண்ணா. மருந்து கம்பெனி வேலைக்கு ரெண்டு வருஷம் அலைஞ்சேன், கிடைக்கல. இங்க நிக்கிறேன். வேலை கிடைக்கும்னு என்னால சத்தியம் பண்ண முடியாது." சொல்லிக்கொண்டே பெரியம்மாவிடம் திரும்பினாள். "நீங்க ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறீங்கள்ல? அதோட இந்த வலி மாத்திரை ஆகாதும்மா. இருங்க, டாக்டருக்குப் போன் போட்டுக் கேக்கறேன்."

அட்டையைக் கிழிக்கிற வேலை மட்டும் இல்லை இது என்று எனக்கே புரிந்தது. போனைக் காதில் வைத்தபடியே அவள் கேட்டாள்: "உங்க பொண்ணு என்ன சொல்லுது?"

ஊரையெல்லாம் கேட்டவன் அவளைக் கேட்கவே இல்லை.

வீட்டுக்குப் போனபோது மணி நாலரை. மகள் போனை மடியில் வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தாள். "எனக்கு ஒண்ணும் தெரியலம்மா. வேலை கிடைக்குமான்னும் தெரியல. உனக்குப் பிடிச்சிருக்கா?" என்று கேட்டேன்.

"பிடிச்சிருக்குப்பா. ஆனா பயமா இருக்கு. நீ கொஞ்சம் பக்கத்துல உக்காரேன்."

உட்கார்ந்தேன். அவளே அழுத்தினாள்.

இப்போது அவள் ஹாஸ்டலில், கடைசி வருஷம். ஒருத்தனுக்கு மட்டும் சோறு வடிக்க எனக்கு இன்னும் அளவு பிடிபடவில்லை, தினமும் மிஞ்சுகிறது. வேலையா? போன வாரம் போன் பண்ணினாள், ஏதோ ஒரு கம்பெனியில் இன்டர்வியூவுக்கு...

"ஆட்டோ! ஜங்ஷன் வரீங்களா?"

சவாரி கூப்பிடுகிறது, போக வேண்டும். என் மகளின் படிப்புக்கு நான் செய்தது அந்த அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்தது மட்டும்தான். அதையும் அவள் வாய்விட்டுக் கேட்க வேண்டியிருந்ததே என்பது இன்னும் உறுத்துகிறது.