நன்றியுரை: மணமகள்

நெருக்கடி நிலைக் காலத்தில்தான் எனக்குக் கல்யாணம். காரைக்குடியில் ஐயர் இல்லாத சீர்திருத்தக் கல்யாணம் என்றால் பாதிப்பேர் தாலியைப் பார்க்க வருவதில்லை, வாழ்த்துரை கேட்கத்தான் வருவார்கள். பொதுக்கூட்டத்துக்குத் தடை இருந்ததால் ஒக்கூர், சிவகங்கையிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து குவிந்துவிட்டார்கள்.

மைக் வைக்க அனுமதி கேட்டு, பேசுவோர் பட்டியலோடு போலீசில் மனுக் கொடுத்திருந்தோம். திரும்பி வந்த பட்டியலில் ஆண்கள் பெயர் அத்தனையும் அடிக்கப்பட்டிருந்தன, மாப்பிள்ளை பெயர் உட்பட. இவர் ஏற்கெனவே ஒருமுறை உள்ளே போய் வந்தவர். இனி வாயைத் திறந்தால் மிசாவில் போட்டுவிடுவேன் என்று இன்ஸ்பெக்டர் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார். கடைசி வரியில் ஒப்புக்கு எழுதியிருந்த 'நன்றியுரை: மணமகள்' என்பதை மட்டும் அடிக்கவில்லை. பொம்பளை என்னத்தைப் பேசிவிடப் போகிறாள்!

தாலி கட்டி முடிந்தது. பேச வந்தவர்கள் எல்லாரும் முன்வரிசையில் கம்மென்று உட்கார்ந்திருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்துபோய் மைக்கைப் பிடித்தேன். குரல் கணீரென்று வந்தது பாருங்கள், எனக்கே ஆச்சரியம்!

"எங்கள வாழ்த்த வந்தவகளப் பேசக்கூடாதுன்னுட்டாக. கல்யாண வீட்டுலயும் வாயப் பொத்துறது என்ன சட்டம்? பயந்துபோன சர்க்காருதான் இப்பிடிச் செய்யும். எல்லாரும் வந்தீக, ரொம்ப நன்றி. இருந்து சாப்பிட்டுப் போங்க!"

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. குறிப்பெடுத்துக்கொண்டிருந்த போலீஸ்காரர், நான் பேசும்போதே, "கொஞ்சம் மெதுவாப் பேசுங்கம்மா, எழுத முடியல" என்று கெஞ்சினார்.

கழுத்து மாலையோடு எங்கள் இருவரையும் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார்கள். இன்ஸ்பெக்டர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் இவரிடம், "எழுதிக் குடுத்தது நீதானே?" என்றார்.

"சத்தியமா இல்ல சார். இவுக பேசுவாகன்னு எனக்கே இப்பத்தான் தெரியும்."

அப்புறம்தான் என் பக்கம் ஒரு தாளை நீட்டினார். "புருசன் எழுதிக் குடுத்ததப் படிச்சேன்னு ஒரு கையெழுத்துப் போடும்மா. நீ வீட்டுக்குப் போகலாம்."

போட்டால் இவர் ஜெயிலுக்கு. அந்தத் தாளில், 'யோசித்தது நான், பேசியதும் நான்' என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

படித்துவிட்டுச் சிரித்தார் மனிதர். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. "கல்யாணப் பொண்ணு ஏதோ உளறிருச்சு. கூட்டிட்டுப் போப்பா" என்றபடி, என் தாளையும் போலீஸ்காரரின் குறிப்பையும் சேர்த்து நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டார்.

விட்டால் போதும் என்று இவர் என் கையைப் பிடித்து இழுக்கிறார். வாசல்வரை வந்தவள் உதறிவிட்டுத் திரும்பினேன்.

"ஏன், நான் பேசுனது பேச்சு இல்லையா? எம்பேருல கேசு எழுதுங்க!"