இருட்டில் உப்பு விற்றவர்

முப்பதுகளில் ஓர் ஆடியில் காவிரி ஊருக்குள் புகுந்து வடிந்த பிறகு, எங்கள் கொடுமுடியில் முதலில் திறந்தது அந்த உப்புக்கடைதான். பழைய கடையை ஆறு இடித்துவிட்டது. மூட்டை மூட்டையாக இருந்த உப்பையும் கரைத்துவிட்டது. கடைக்காரர் அதே இடத்தில் நாலு மூங்கிலை நட்டு, தென்னங்கீற்று வேய்ந்து உட்கார்ந்துவிட்டார். ஒல்லியான மனிதர். உப்பை அள்ளி அள்ளி விரல் நுனியெல்லாம் வெடித்திருக்கும்.

அவருடைய வழக்கம் ஒன்றுதான் எனக்குப் புரியவில்லை. தெருவெல்லாம் விளக்கு வைத்த பிறகும் அவர் கடை மட்டும் இருட்டாகவே கிடக்கும். பாவம், எண்ணெய்க்கும் வழியில்லை போலிருக்கிறது என்று ஒரு நாள் கிண்ணத்தில் கொஞ்சம் கொண்டுபோனேன்.

"எண்ணெ இருக்குதுங்க அம்மணி" என்று சிரித்தார். "வெளக்கு வெச்சுப்போட்டா அப்புறம் உப்புக் குடுக்கக் கூடாதுங்களே. சனம் பொழுதுக்கும் மண்ணுக் கொழச்சுச் செவுரு வெச்சுப்போட்டு, இருட்டுனப்புறந்தான் வருதுங்க. புது ஊட்டுக்கு மொதல்ல உப்பத்தானுங்க கொண்டுபோகோணும். இல்லீன்னு எப்படிங்க சொல்றது?"

பேசிக்கொண்டிருக்கும்போதே கையில் சேறு காயாத ஒருத்தி வந்தாள். விடிந்தால் புது வீட்டில் பால் காய்ச்சப் போவதாகச் சொல்லி முந்தானையை விரித்தாள். இருட்டில் தடவித் தடவியே அளந்து போட்டார்.

அவள் போனதும் தீப்பெட்டியை எடுத்தார். தெருவை இரண்டு பக்கமும் பார்த்து, "இன்னும் ஆராச்சும் வாரீங்களா?" என்று இருட்டைக் கேட்டார். சற்றுப் பொறுத்துத்தான் குச்சியைக் கிழித்தார்.

இப்போதும் விளக்கேற்றுவதற்கு முன் ஒருமுறை தெருவைப் பார்த்துவிடுகிறேன்.