ஒரு பல் தள்ளி மாட்டிய ஸ்டியரிங்

கடந்த செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு, உச்சிப்புளி சாலையில், ஒரு விஷயத்தைக் கவனித்தேன். என் பழைய பிக்கப் வண்டி நேராகப் போகிறது. ஸ்டியரிங் மட்டும் சாய்ந்திருக்கிறது.

ஸ்டியரிங்கின் நடுவே ஓடும் குறுக்குக் கம்பியின் இடது முனை இரண்டு விரற்கடை இறங்கி நின்றது. கம்பியை நேராக்கிப் பார்த்தேன் — வண்டி எதிரே வந்த பஸ்ஸை நோக்கிப் போனது. சாய்த்தேன்... மறுபடி ஒழுங்காக ஓடியது.

வழக்கமாக நான் இடப்பக்க சீட்டில்தான் உட்காருவேன். ஓட்டுவது கருப்பையா. ஒன்பது வருடமாக எங்கள் வீட்டு டிரைவர். அன்று அவருக்குக் காய்ச்சல். மிளகாய் மூட்டைகள் காத்திருந்ததால் நானே ஓட்டினேன். இல்லாவிட்டால் தெரிந்தே இருக்காது.

திரும்பும் வழியில் ஒரு மெக்கானிக்கிடம் காட்டினேன். வண்டிக்கு அடியில் குனியக்கூட இல்லை அவர்.

"எங்கேயோ நல்லா இடிச்சிருக்கு சார். சக்கரத்தத் திருப்புற டை ராடு, எண்டு எல்லாம் மாத்தணும். வண்டிய இங்கன விட்டுட்டுப் போங்க."

விட்டுவிட்டு வர நான் என்ன புது ஆளா? ஆனால் 'இடிச்சிருக்கு' என்ற சொல் மட்டும் என்னோடு வீடுவரை வந்துவிட்டது. வந்ததும் டார்ச்சை எடுத்துக்கொண்டு வண்டியைச் சுற்றினேன். பம்பரின் இடது மூலையில் ஒரு கீறல்! டேப் வைத்து அளந்தேன். அளந்து என்ன செய்யப்போகிறேன் என்று மனைவி கேட்டாள். மறுபடியும் ஒரு தடவை அளந்தேன்.

எனக்கு டைரி எழுதும் பழக்கம் உண்டு என்பது இந்தப் பத்தியைப் படிப்பவர்களுக்குத் தெரியும். வண்டிக்குத் தனி டைரி. டீசல், பஞ்சர், எங்கே போனது, யார் ஓட்டியது — எல்லாம் இருக்கும். கிலோமீட்டர் முள் செத்துப் பல காலம் ஆகிவிட்டதால் வண்டியின் ஞாபகமே அந்த டைரிதான். ஒன்பது வருடப் பக்கங்களையும் புரட்டினேன். ஸ்டியரிங் சாய்வு பற்றி ஒரு வரி கிடையாது.

புதன்கிழமை மாலை, காய்ச்சல் விட்டுக் கருப்பையா வந்தார்.

"ஸ்டியரிங் ஏன் சாஞ்சிருக்கு?"

"அது ரொம்ப நாளாவே அப்படித்தாண்ணே."

"எத்தனை நாளா?"

"வண்டி நேராத்தானண்ணே போகுது?"

கேட்டது ஒன்று, சொன்னது ஒன்று. கண் தரையில். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? சாவியை வாங்கிக்கொண்டேன். நான் சொல்லி அனுப்பும்வரை வரவேண்டாம் என்றேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

அன்றைக்கு எனக்குத் தூக்கம் சரியில்லை. இடித்துவிட்டு மறைத்தவர் என்ற பெயரோடு ஒருவரை நிறுத்தினால், எங்கள் சுற்றுவட்டாரத்தில் இன்னொரு வண்டிச் சாவி அவர் கைக்கு வராது. அது எனக்குத் தெரியும். ஆனால் அவர் பொய் சொன்னார் என்பதும் தெரியுமே...

வியாழக்கிழமை ராமநாதபுரத்தில் ஓர் அலைன்மென்ட் கடைக்குப் போனேன். நாலு சக்கரத்திலும் கருவி மாட்டி, கம்ப்யூட்டரில் கணக்குப் பார்க்கும் கடை. கடைக்காரரை ஒரு நிமிடம்கூடக் கண்ணிலிருந்து விடவில்லை. வண்டிக்கு அடியில் இருந்த பள்ளத்துக்குள் அவர் இறங்கியபோது நானும் குனிந்தேன்.

"சார், வேட்டில கிரீஸ் படும்" என்றார்.

"பரவாயில்ல."

"என் மேல சந்தேகமா, வண்டி மேல சந்தேகமா?"

"ரெண்டும்தான்" என்று சொல்லவில்லை. சிரித்து வைத்தேன்.

அவர் வெளியே வந்து கையைத் துடைத்தார்.

"இடிக்கல சார். சக்கரம் ரெண்டும் நேரா இருக்கு. டை ராடு நட்டுல பழைய துரு அப்படியே இருக்கு, ஒருத்தரும் தொடல."

"பம்பர்ல கீறல் இருக்கே?"

"மாடு ஒரசுனாக்கூட அம்புட்டு விழும். இது வேற. யாரோ ஸ்டியரிங்கக் கழட்டி, பல்லு மாத்தி மாட்டியிருக்காங்க."

ஸ்டியரிங் உட்காரும் தண்டில் சுற்றிலும் பல் வெட்டியிருக்குமாம். ஒரு பல் தள்ளி மாட்டினாலும் போதும், சக்கரம் நேராக நிற்க, கம்பி சாய்ந்து நிற்கும். ஸ்டியரிங் நடுவில் இருந்த ஹார்ன் மூடியை எடுத்து நடு நட்டைக் காட்டினார். ஸ்பேனர் கடித்த புதுத் தடம், பளபளவென்று.

யாரோ என்றால் யார்? எதற்கு? கருப்பையா உள்ளே ஏதாவது பழைய சாமானை மாற்றி வைத்துவிட்டாரா? ஒரு சந்தேகம் தீர்ந்த இடத்திலேயே இன்னொன்று முளைத்தது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் இதையெல்லாம் அடுக்கினேன். அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டே சொன்னாள்: "நீங்க மதுரைக்கு நாலு நாள் கல்யாணத்துக்குப் போயிருந்தப்ப என் தம்பி வண்டிய எடுத்துட்டுப் போனானே... கூட்டாளி வீட்டு ஆளுகள ஏர்வாடிக்கு ஏத்திட்டு. ஹார்ன் அடிக்கலைன்னு ஏதோ சொன்னான்."

அந்த நாலு நாளுக்கும் டைரியில் என்ன இருக்கிறது தெரியுமா? 'வண்டி வீட்டில்.' மதுரையில் உட்கார்ந்துகொண்டு, பார்க்காமலே எழுதியிருக்கிறேன்.

மைத்துனனுக்குப் போன் போட்டேன். கூச்சமே இல்லாமல் சொன்னான்.

"ஆமா மச்சான். ஹார்ன் கத்தல. ஸ்டியரிங்கக் கழட்டுனாத்தான் உள்ள வயரத் தொட முடியும்னாரு மெக்கானிக்கு. திருப்பி மாட்டுறப்பப் பாத்தா, ஹார்ன் மூடியில நம்ம முருகன் சாஞ்சு நிக்கிறாரு. சாமிய நேரா வைங்கண்ணேன்னேன்."

"அவர் ஒண்ணும் சொல்லலையா மாப்ள?"

"கம்பி சாயும்னாரு. சாமி சாயிறதுக்குக் கம்பி சாயட்டும்னேன். தப்பா?"

தப்பு என்று எப்படிச் சொல்வது? அந்த முருகன் ஸ்டிக்கரை ஒட்டியது நான். ஆயுத பூஜையன்று, முன் சக்கரம் லேசாக இடப்பக்கம் திரும்பி நின்ற வண்டியில், என் கண்ணுக்கு நேராக இருக்கும்படி பார்த்துப் பார்த்து ஒட்டினேன். வண்டி நேராக ஓடும்போது அவர் சாய்வார் என்று யாருக்குத் தோன்றியது? கருப்பையா மட்டும் அத்தனை நாளும் சாய்ந்த முருகனைக் கும்பிட்டு வண்டி எடுத்திருக்கிறார்.

வெள்ளிக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் காயப்போட்ட மிளகாயைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"மாப்ளதான் எடுத்துட்டுப் போனான்னு சொல்லியிருக்கலாமே கருப்பையா?"

"எப்படிண்ணே சொல்றது? அண்ணி கூடப் பொறந்தவரு. வந்து சாவி கேட்டாரு, குடுத்துட்டேன். நான் ஒண்ணு சொல்லி, அவரு இல்லைன்னுட்டா நீங்க யார நம்புவீக?"

நான் பதில் யோசித்தேன். யோசிக்கவேண்டி இருந்ததே பதில்தான்.

நாம் எல்லோரையும் சந்தேகப்படுவதில்லை. யாரைக் கேள்வி கேட்டால் நமக்கு நஷ்டமில்லையோ, அவரைத்தான் சந்தேகப்படுகிறோம். மைத்துனன் பெயர் என் மனதில் கடைசிவரை எழவே இல்லை, பார்த்தீர்களா?

சாவியை நீட்டினேன். உடனே வாங்கவில்லை.

"வாரேண்ணே. ஆனா இனிமே வேற யாரும் வண்டி கேட்டா, இல்லைன்னு நீங்கதான் சொல்லணும். எனக்கு அந்த வாய் கிடையாது."

"நான் சொல்றேன்" என்றேன், உறுதியாக.

ஸ்டியரிங்கைச் சரியான பல்லில் மாட்டியாகிவிட்டது. சனிக்கிழமை சாயங்காலம் மைத்துனன் போன் செய்தான்.

"மச்சான், வண்டி சும்மாதான நிக்குது? நாளைக்கு உப்பூர் வரைக்கும் ஒரு சோலி."

"சாவி கருப்பையாகிட்ட இருக்கு மாப்ள. அவர் தரமாட்டேங்கிறார்" என்றேன்.

போனை வைத்த பிறகுதான் உறைத்தது — பழியை மறுபடியும் அவர் தலையில்தான் போட்டிருக்கிறேன்.